18.35 பெரிசா, 18.5 பெரிசா? எண்களில் வரும் தப்பைப் பழுது பார்க்கும் வழி

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு முன்னறையில், மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்றாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே பாயில் உட்காரும். போன மாதம் ஒரு பையனிடம் கேட்டேன்: "பச்சைத் தேயிலை ஒரு இடத்துல கிலோ 18.5 ரூபாய், இன்னொரு இடத்துல 18.35 ரூபாய். உங்கப்பா எங்கே போடணும்?" யோசிக்கவே இல்லை. "18.35 தர்ற இடத்துல டீச்சர். முப்பத்தஞ்சு பெரிசில்ல?"

விலை நான் கணக்குக்காகச் சொன்னது. பதிலுக்குப் பின்னால் இருந்த விதி அவனுடையது. இப்படி விதியோடு வரும் தப்புகளைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் அம்மா அப்பாவுக்கும், என்னைப் போல டியூஷன் எடுப்பவர்களுக்கும் உதவும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். தப்பைப் பார்த்ததும் திருத்தாதீர்கள். அதே மாதிரி இன்னும் நாலு கணக்கு கொடுங்கள். ஐந்திலும் ஒரே விதமாகத் தப்பு வந்தால் பிள்ளையிடம் ஒரு விதி இருக்கிறது, அதைத் தேட வேண்டும். ஒன்று சரி ஒன்று தப்பு என்று கலந்து வந்தால் பெரும்பாலும் தூக்கம் அல்லது பசி. சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். விதி இருப்பது தெரிந்துவிட்டால் "எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள். "ஏன் தப்பாப் போட்டே?" என்று கேட்டால் வாய் திறக்காது.

"ஆயிரத்து ஐந்து" என்றால் 10005 என்று எழுதுகிறது

காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது. ஆயிரம் கேட்டது, 1000 போட்டது. ஐந்து கேட்டது, பக்கத்தில் 5 போட்டது. உறுதி செய்ய "முந்நூற்று நாற்பது" சொல்லிப் பாருங்கள். 30040 வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்தப் பிள்ளையை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி உண்டு. ஆயிரத்து ஐந்தை ௲௫ என்று எழுதினார்கள். நடுவில் சுழியம் கிடையாது, சொல்லும் வரிசையிலேயே எழுத்து. ஆக, நம் பிள்ளை பாட்டன் பூட்டன் வழியில்தான் போகிறது. இன்றைய முறையில் இலக்கம் நிற்கும் இடமே மதிப்பைச் சொல்கிறது, அதனால் காலியான இடத்தை 0 காவல் காக்க வேண்டும். இதுதான் அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

பழைய காலண்டர் அட்டையை வெட்டிச் சீட்டு செய்யுங்கள். 1000 எழுதிய சீட்டு நாலு கட்ட நீளம், 300 எழுதியது மூன்று கட்டம், 40 எழுதியது இரண்டு, 5 எழுதியது ஒன்று. வலது ஓரம் ஒட்டி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் 1345 தெரியும், சுழியங்கள் அடியில் மறையும். 1000 மேல் 5ஐ மட்டும் வைக்கச் சொல்லுங்கள். 1005 தானாக வந்து நிற்கும். மூன்று நாள் இந்தச் சீட்டோடு விளையாடினால் போதும்.

இதிலேயே தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. எட்டாயிரம் என்றால் 8000. தொள்ளாயிரம் என்றால் 900. அதற்குள் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரத்துக்கு 9000 எழுதும் பிள்ளை காதைத் தீட்டிக் கேட்கிற பிள்ளை. அதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரம் என்று நூறு நூறாக ஏறியும் இறங்கியும் வாய்விட்டு எண்ண வையுங்கள். எண்ணும் வரிசையில் அந்தச் சொல்லுக்கு உரிய இடம் பழகிவிட்டால் குழப்பம் போய்விடும்.

2637ஐ விட 2629 பெரியது என்கிறது

நான் எப்போதும் நம் சிகரங்களின் உயரத்தைக் கொடுத்துதான் சோதிப்பேன். தொட்டபெட்டா 2637 மீட்டர். கோலாரிபெட்டா 2629 மீட்டர். கோலாரிபெட்டாதான் உயரம் என்று ஒரு பிள்ளை சொன்னால் காரணம் இரண்டில் ஒன்று. கடைசி இலக்கத்தைப் பார்த்திருக்கும், அல்லது எங்கேயாவது 9 தெரிந்ததும் அதுதான் பெரிது என்று முடிவு கட்டியிருக்கும். எது என்று தெரிய 571, 503 இரண்டையும் கொடுங்கள். 503 என்றால் அது கடைசி இலக்கக்காரன். 571 என்று சரியாகச் சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம், 7 கண்ணில் பட்டதால்கூடச் சொல்லியிருக்கலாம். 611, 592 கொடுத்துப் பாருங்கள், அகப்பட்டுக்கொள்ளும்.

சரிசெய்ய நான் பஸ்ஸை வைத்துச் சொல்வேன். கோத்தகிரியில் கிளம்பும் ஊட்டி பஸ்ஸும் குன்னூர் பஸ்ஸும் கட்டபெட்டு வரை ஒரே ரோட்டில்தான் போகும். அங்கே பிரிந்துவிட்டால் அப்புறம் எத்தனை வளைவு வந்தாலும் ஊர் மாறப்போவதில்லை. எண்ணும் அப்படித்தான். இடதுபக்கமிருந்து வா. 2, 2 சமம். 6, 6 சமம். 3, 2 என்று பிரிந்துவிட்டது. முடிந்தது கதை. பின்னால் வரும் 9 என்ன கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. இதோடு முக்கூர்த்தி 2554, கேரளப் பக்கம் ஆனைமுடி 2695 சேர்த்து இறங்கு வரிசையில் எழுதச் சொல்லுங்கள்: 2695, 2637, 2629, 2554.

ஆனால் இந்த மருந்துக்கு ஒரு பக்க விளைவு உண்டு. அடுத்த நாளே மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் 326 மீட்டர், ஊட்டி ஸ்டேஷன் 2203 மீட்டர், எது உயரம் என்று கேளுங்கள். "முதல்ல 3, 2 ன்னு பிரியுது, மேட்டுப்பாளையம்தான்" என்று ஒரு குரல் வரும். மலை ரயிலில் போய் வந்த பிள்ளைகூடச் சொல்லும்! எத்தனை இலக்கம் என்று முதலில் எண்ண வேண்டும், சமமாக இருந்தால் மட்டுமே இடதுபக்கமிருந்து போக வேண்டும். இந்த வரிசையை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

18.5ஐ விட 18.35 பெரியது என்கிறது

இதில்தான் நான் அதிக நாள் மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேலே பார்த்த "இலக்கம் அதிகமானால் எண் பெரிது" என்ற விதி முழு எண்களில் ஒருநாளும் கைவிடாது. பிள்ளை அதை நம்பிப் புள்ளிக்கு வலது பக்கமும் கொண்டு போகிறது. கூடவே ரூபாய் பைசா பழக்கம் வேறு. 18.5 என்றால் பதினெட்டு ரூபாய் ஐந்து பைசா என்று படிக்கிறது. நாமும் "பதினெட்டு புள்ளி முப்பத்தைந்து" என்று வாசித்து எண்ணெய் ஊற்றுகிறோம். புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாக, "புள்ளி மூன்று ஐந்து" என்று வாசியுங்கள். இது ஒன்றை மாற்றினாலே பாதித் தப்பு குறைவதை என் பாயிலேயே பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பிழை உண்டு. அதை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. சில பிள்ளைகள் "பத்தில் ஒன்று பெரிய துண்டு, நூறில் ஒன்று சின்னத் துண்டு, அதனால் இலக்கம் குறைவாக இருப்பதே பெரிது" என்று வைத்திருக்கும். அந்தப் பிள்ளையிடம் 18.5, 18.35 கேட்டால் 18.5 என்று சரியாகவே சொல்லும். 0.7, 0.25 கேட்டாலும் சரி. 4.8, 4.63 கேட்டாலும் சரி. மூன்றுக்கு மூன்று மார்க் போட்டு அனுப்பிவிடுவோம். பழுது உள்ளேயே இருக்கும்.

அதனால் சோதிக்கும்போது இரண்டு விதமும் கலந்து கொடுங்கள். 4.8, 4.63 ஒரு ஜோடி. 4.3, 4.45 இன்னொரு ஜோடி. நீளமானதே பெரிது என்பவன் முதலாவதில் தவறுவான், இரண்டாவதில் தப்பிப்பான். குட்டையானதே பெரிது என்பவன் முதலாவதில் தப்பித்து இரண்டாவதில் தவறுவான். 4.5, 4.50 மூன்றாவது ஜோடி. இதற்கு "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லும் பிள்ளைக்கு மட்டும் விஷயம் தெரியும்.

சரிசெய்ய எளிய கருவி கடைத் தராசு. எலக்ட்ரானிக் தராசில் அரை கிலோ சர்க்கரை வைத்தால் 0.500 என்று வரும், முந்நூற்றைம்பது கிராம் வைத்தால் 0.350. பக்கத்துக் கடைக்காரரிடம் கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் வைத்துக் காட்டுவார். வெறும் 0.5 என்று எழுதியதும் தராசில் 0.500 என்று தெரிவதும் ஒரே எடைதான் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் நோட்டில் 18.5ஐ 18.50 ஆக்கி 18.35க்கு மேலே புள்ளிக்கு நேர் புள்ளி வைத்து எழுத வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சுழியம் சேர்த்துச் சமமாக்கும் வித்தையை மனப்பாடம் செய்துவிட்டால் பதில் எல்லாம் சரியாக வரும், புரிந்திருக்கிறதா என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: "18.3க்கும் 18.4க்கும் நடுவுல எண் இருக்கா?" இல்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை. "18.35" என்றால் பரவாயில்லை. "எவ்வளவு வேணும்னாலும் இருக்கும்" என்றால் நீங்கள் எழுந்து டீ குடிக்கப் போகலாம். ஒரு வாரம் கழித்து அதே மூன்று ஜோடியை மறுபடி கொடுங்கள், பழைய விதி திரும்பி வருவது இதில் ரொம்ப சகஜம்.

1/12ஐ விட 1/24 பெரியது என்கிறது

24 பெரியது, அதனால் 1/24 பெரியது. காரணம் அவ்வளவுதான்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது. அங்கே ஏற்றம் செங்குத்தான இடத்தில் சுமார் 1/12. பன்னிரண்டு மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை மொத்தமாகப் பார்த்தால் 46 கிலோமீட்டரில் 326லிருந்து 2203க்கு, அதாவது 1877 மீட்டர் ஏறுகிறது. 46,000ஐ 1877ஆல் வகுத்தால் 24க்குச் சற்று மேலே. ஆக சராசரி ஏற்றம் ஏறத்தாழ 1/24. "ஒரு மீட்டர் ஏற உனக்குப் பன்னிரண்டு மீட்டர் ரோடு தர்றேன், இல்ல இருபத்து நாலு மீட்டர் தர்றேன். எதுல மூச்சு வாங்கும்?" இந்தக் கேள்விக்கு மலைப் பிள்ளை தப்பாகப் பதில் சொன்னதே கிடையாது.

இனி என் தப்பைச் சொல்கிறேன். இதை முதன்முதலில் சொல்லிக் கொடுத்தபோது, சீக்கிரம் முடியட்டும் என்று "கீழே பெரிசா இருந்தா பின்னம் சின்னது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு பெண் 3/4 < 1/2 என்று எழுதிக்கொண்டு வந்தாள். "கீழே 4 பெரிசு டீச்சர், நீங்கதானே சொன்னீங்க." அந்தப் பழுதை வைத்தது நான்தான். மேலே உள்ள தொகுதி சமமாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையை விழுங்கிவிட்டேன். எழுதியதை மூடிவிட்டு "முக்கால் பெரிசா, அரை பெரிசா?" என்று கேட்டேன். முக்கால் என்று உடனே சொன்னாள். கால், அரை, முக்கால் எல்லாம் வாயில் இருக்கிறது, எழுத்தில் வரும்போதுதான் அறிமுகமில்லாத ஆளாகிவிடுகிறது.

அதிலிருந்து நான் எல்லாப் பின்னத்தையும் முதலில் அரையோடு ஒப்பிடச் சொல்கிறேன். 5/9, 3/7 எது பெரிது? ஒன்பதில் பாதி நாலரை, 5 அதைத் தாண்டிவிட்டது. ஏழில் பாதி மூன்றரை, 3 எட்டவில்லை. 5/9 பெரிது. குறுக்குப் பெருக்கல் எல்லாம் அப்புறம் வரட்டும். 7/8, 8/9 கொடுத்தால் "ரெண்டுலயும் ஒண்ணுதான் குறையுது, சமம்" என்று சில பேர் சொல்வார்கள். குறைவது ஒரு துண்டுதான், ஆனால் எட்டில் ஒரு துண்டு ஒன்பதில் ஒரு துண்டைவிடப் பெரியது. பெரிய துண்டு காணாமல் போனது எதில்? அதுவே சிறியது.

மைனஸ் 1ஐ விட மைனஸ் 3 பெரியது என்கிறது

புத்தகங்களில் கடனை வைத்துச் சொல்லியிருப்பார்கள். நானும் கடைக் கணக்கு நோட்டை வைத்துச் சொல்லிப் பார்த்தேன், வேலைக்காகவில்லை. முந்நூறு ரூபாய் கடன், நூறு ரூபாய் கடன், எது பெரிசு என்றால் முந்நூறு என்றுதான் யாரும் சொல்வார்கள். கேள்வியே பிள்ளையைத் தப்பான பக்கம் தள்ளுகிறது.

எங்களுக்குக் கைகொடுப்பது உறைபனி. ஜனவரிக் காலையில் தலைகுந்தா பக்கம் புல் வெளுத்துக் கிடப்பதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும், கொழுந்து கருகுவதும் தெரியும். சுவரில் மேலும் கீழுமாக ஒரு எண்கோடு வரையுங்கள், நடுவில் 0. குளிர் கூடக் கூடக் கோட்டில் கீழே இறங்குகிறோம். மைனஸ் 3 எங்கே, மைனஸ் 1 எங்கே? மேலே இருப்பது பெரிய எண். "குளிர் எது அதிகம்?" என்று மட்டும் கேட்காதீர்கள், கடன் கதையேதான் மறுபடி வரும். "வெப்பநிலை எது அதிகம்?" என்று கேளுங்கள்.

52 − 37 = 25 என்கிறது

ஒன்றாம் இடத்தில் 7லிருந்து 2ஐக் கழித்துவிட்டது. "பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும்" என்று கீழ் வகுப்பில் யாரோ சொல்லியிருப்பார்கள். கூட்டலில் 3 + 5, 5 + 3 இரண்டும் ஒன்று. பெருக்கலிலும் அப்படியே. இந்தப் பரிமாற்றுப் பண்பு கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் கிடையாது. 37 + 25 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 62 வரும். தானே அழித்துவிடும்.

< > குறி மாறிப் போகிறது

பெரிய எண்ணைத் தின்ன முதலை வாய் திறக்கும் என்று கதை சொன்னால் சில பிள்ளைக்கு முதலை நினைவிருக்கும், வாய் எந்தப் பக்கம் என்பது மறந்துவிடும். பெரிய எண் பக்கம் இரண்டு புள்ளி, சின்ன எண் பக்கம் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். குறி தானாக விழும்.

கமா மாறினாலும் எண் மாறாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள் தொகை 7,35,394. வெளிநாட்டு முறையில் அதே எண்ணை 735,394 என்று போடுவார்கள்.

3ல் முடிந்தால் 3ஆல் வகுபடும் என்கிறது

2க்கும் 5க்கும் கடைசி இலக்கம் பார்த்தால் போதும் என்று படித்திருக்கும். அதை 3, 9 வரை இழுத்துவிட்டது. 10ஐ 2ஆலும் 5ஆலும் மீதியில்லாமல் வகுக்கலாம், அதனால்தான் அங்கே கடைசி இலக்கம் மட்டும் போதுமானது. 10ஐ 3ஆல் வகுத்தால் 1 மீதி, 100ஐ வகுத்தாலும் 1 மீதி, 1000ஐ வகுத்தாலும் 1. ஆகவே ஒவ்வொரு இலக்கமும் தன் அளவுக்கு மீதியை விட்டுச் செல்கிறது. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகை 3ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். 9க்கும் இதே கதைதான்.

இதற்கு நம் ஊர் எண்களே வசமாக அமைந்திருக்கின்றன. மலை ரயில் குன்னூர் வரை வந்தது 1899ல், ஊட்டி வரை 1908ல். 1 + 8 + 9 + 9 = 27. 1 + 9 + 0 + 8 = 18. இரண்டுமே 9ஆல் வகுபடும், அதுவும் அடுத்தடுத்த மடங்குகள். தொட்டபெட்டாவின் 2637க்கும் கூட்டுத்தொகை 18. அதுவும் போகும், 9 × 293. ஆனால் 3ல் முடிகிற 2203க்குக் கூட்டுத்தொகை 7. போகாது.

1ஐப் பகா எண் என்கிறது, 91ஐயும் பகா எண் என்கிறது, 0வை எதிலும் சேர்ப்பதில்லை

0 இரட்டைப்படை, 2ஆல் வகுத்தால் மீதி இல்லை. இதற்கு மேல் விவாதம் வேண்டாம். 1க்கு ஒரே வகுத்திதான், பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வேண்டும். 91 எல்லாரையும் ஏமாற்றும், 7 × 13. 51, 57, 87 மூன்றும் அதே கூட்டம், மூன்றும் 3ஆல் போகும்.

பிள்ளை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வகுத்துக்கொண்டே இருந்தால், எந்தப் பகா எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டுகிறதோ அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஊட்டி ஸ்டேஷனின் 2203ஐ எடுத்துக்கொண்டாள். 47 × 47 = 2209, தாண்டிவிட்டது. ஆகவே 2 முதல் 43 வரை பதினான்கு பகா எண்கள். பதினான்கு வகுத்தலையும் வரிசையாகப் போட்டாள், ஒன்றும் போகவில்லை. பகா எண்தான். 2ஐ 2203 தடவை எழுதிப் பெருக்கி 1 கழித்தால் வரும் 664 இலக்க எண்ணும் பகா எண் என்று 1952ல் ராபின்சன் என்பவர் கணினி வைத்துக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு, "அதை நான் வகுக்க மாட்டேன் டீச்சர்" என்றாள்.